சோலைமந்தியைத் தேடியவர்கள்

1970களில் சோலைமந்தியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவதே ஓர் ஆராய்ச்சியாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெளுத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். வெடிப்பலா மரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும். ஆளரவம் கேட்டதும் கூட்டம் மொத்தமும் எதிர்ச்சரிவுக்குப் போய்விடும். கீழே நிற்பவருக்கு மிஞ்சுவது ஆடும் கிளையும், பாதி தின்று போட்ட பழமும், கணுக்காலில் அட்டைக்கடியும்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த குரங்கு மனிதரை நம்பவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கௌஸ்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973 முதல் 1975 வரை திருநெல்வேலி மாவட்டத்து மலைகளில் இந்தக் குரங்கின் பின்னால் அலைந்தார்கள். தேயிலை, காப்பி, ஏலம், அணைக்கட்டு, வேட்டை என்று எல்லாம் சேர்ந்து அடித்ததில் எஞ்சியவை சில நூறுதான் என்பது அவர்கள் கணிப்பு. பின்னால் வந்தவர்கள் கூடுதலாகவே கண்டுபிடித்தார்கள்; இன்றைய மதிப்பீடு 4000க்குள் இருக்கிறது. இருந்தாலும் அந்த முதல் கணக்கு கிளப்பிய அச்சம் வீண்போகவில்லை. 1976இல் களக்காடு இந்தக் குரங்கை மனத்தில் வைத்தே சரணாலயமானது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்நிலையத்துக்காக அணை கட்டப் பார்த்தபோது, எதிர்த்து நின்றவர்கள் தூக்கிப்பிடித்த முகமும் சோலைமந்தியின் முகம்தான். 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அடுத்து வந்தவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அஜித்குமார் ஆனைமலையின் உட்காட்டில், வரகளியாறு பகுதியில் ஒரு கூட்டத்தைத் தன்னிடம் பழக்கி, நாள் முழுக்கக் கூடவே நடந்து, 1987இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஏறக்குறைய ஆறு வயதாகிறது, அடுத்த குட்டிக்கு இரண்டரை மூன்று ஆண்டு இடைவெளி என்பதெல்லாம் இப்படிப்பட்ட பொறுமையில்தான் தெரியவந்தன. ஒரு கூட்டத்தில் இருபது குரங்கு இருந்து அதில் நாலைச் சுட்டுவிட்டால், இழந்ததை ஈடுகட்ட எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அதன்பிறகுதான் கணக்குப் போட முடிந்தது.

அந்தக் காலத்து மாணவரின் மூட்டையில் அதிகம் இருக்காது. பைனாகுலர், கைக்கடிகாரம், மழைக்கு பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு, அட்டை ஏறாமல் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் தடித்த துணியுறை, அதன்மேல் தடவ மூக்குப்பொடி. முறை ஒன்று இருந்தது. ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்க விலங்கு நடத்தை ஆய்வாளர்களுக்கு இலக்கணமாகியிருந்தது. குறித்த நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கு. கண்ணில் படும் ஒவ்வொரு விலங்கும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று எழுது. சுவாரசியமானதை மட்டும் பொறுக்கி எழுதாதே. கேட்கும்போது எளிதாக இருக்கும். மழையில் நனைந்தபடி, குரங்குகள் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க, "உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டே போனவர்களுக்குத்தான் அந்த விதியின் கடுமை தெரியும்.

வனஉயிரியல் படிக்க இடங்களும் மெல்ல முளைத்தன. டேராடூனில் 1982இல் இந்திய வனஉயிர் நிறுவனம் வந்தது. கோவை ஆனைகட்டியில் 1990இல் சலீம் அலி மையம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் மேவா சிங், மாணவர்களைக் குரங்குகளின் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில், காவிரிக் கடைமடையில், மலையே கண்ணுக்குத் தெரியாத மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி வனஉயிரியல் பட்டதாரிகளை உருவாக்கி நாடு முழுக்க அனுப்பியது. யானை, புலி, பறவை என்று எந்தக் காட்டு முகாமுக்குப் போனாலும் அந்தக் கல்லூரியில் படித்த ஒருவராவது இருப்பார். ஆங்கிலத்தில் திக்கித் திணறினாலும் காட்டில் திணறாத பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பெயர்.

ஆனால் ஒன்று. அன்றைய ஆய்வுகளில் மனிதர் வருவது பெரும்பாலும் ஒரே கட்டத்துக்குள்தான். அந்தக் கட்டத்தின் தலைப்பு "தொந்தரவு". வெட்டிய அடிமரம் எத்தனை, மாட்டுச்சாணம் எத்தனை இடத்தில், ஒற்றையடிப் பாதை எத்தனை என்று எண்ணிப் போடுவார்கள். விறகுக் கட்டோடு எதிரே வந்த அம்மாவும் அதில் ஒரு கோடு. நல்ல ஆய்வுக்களம் என்றால் ஆள் நடமாட்டமில்லாத காடு என்று பொருள். எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1980களின் தொடக்கத்திலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு மாணவராக ரா. சுகுமார் சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர்ப் பகுதிகளில் யானை ஏன் ராகிக் கொல்லைக்கு வருகிறது, ஆண் யானைகள் ஏன் கூடுதலாக வருகின்றன என்று விவசாயியின் வரப்பிலேயே நின்று கேட்டார். அவர் முன்னோடி. மற்றவர்கள் வரப்புக்கு வந்துசேர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு பிடித்தது.

அவர்களை இழுத்துவந்த ஊர்களில் முக்கியமானது வால்பாறை.

ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் மேட்டுநிலம். 1890கள் தொடங்கி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்ட இடம், சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் இன்றைய ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். நடுவில், வெட்டாமல் விட்டதும் வெட்டியபின் வளர்ந்ததுமாக, பச்சைக் கம்பளத்தில் கிழிசல் ஒட்டுப்போட்டதுபோல் நாற்பதுக்கு மேற்பட்ட சோலைத் துண்டுகள். 1990களில் கோ. உமாபதி, அஜித்குமார் போன்றவர்கள் இந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, எதில் எந்த மரவாழ் விலங்கு பிழைத்திருக்கிறது, எதில் அற்றுப்போயிற்று என்று பட்டியலிட்டார்கள். துண்டு சிறிதாகச் சிறிதாக, மரம் குறையக் குறைய, சோலைமந்தி இல்லாமல் போகிறது என்பது பொதுவான முடிவு. அதற்கு அடங்காமல் நின்ற ஒரு துண்டுதான் புதுத்தோட்டம்.

வால்பாறை ஊரை ஒட்டி, பொள்ளாச்சிச் சாலையோரம், தனியார் தோட்டத்துக்குள் சுமார் 92 எக்டேர். அடியில் ஒருகாலத்தில் காப்பி போட்ட காடு. பெரிய மரங்கள் பல போய், வெளிநாட்டுக் குடைமரமும் உண்ணிச்செடியும் மண்டியது. ஆய்வேடுகளின்படி சோலைமந்தி அங்கே தேய்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1990களில் சில பத்துகளாக இருந்தவை பெருகி, கூட்டம் பிரிந்து பிரிந்து ஐந்தாகி, எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. காப்பிப்பழத்தைத் தின்றன, குடைமரத்துப் பழத்தைத் தின்றன, கொய்யாவுக்கு இறங்கின, பிறகு குப்பைத்தொட்டிக்கும், பிறகு அடுப்படிக்கும் வந்தன.

இன்றைக்கு அங்கே போய் நின்றால் ஆய்வு மாணவியைத் தேட வேண்டியதில்லை. சாலை வளைவில், தடுப்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். கையில் செல்போன், அதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். ஆல்ட்மன் சொன்ன அதே விதிதான். கட்டங்கள்தான் மாறிவிட்டன. முன்பு "உச்சிக்கிளை, நடுக்கிளை, தாழ்கிளை" என்று முடிந்த வரிசையில் இப்போது தரை, சாலை, மின்கம்பி, கூரை, குப்பைத்தொட்டி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. உணவுக் கட்டத்தில் வெடிப்பலாவுக்குக் கீழே பிஸ்கட், சிப்ஸ், சோறு. பைனாகுலர் கழுத்தில் சும்மா தொங்குகிறது. குரங்கு இரண்டு கை தூரத்தில், யாரோ வீசிய கவரைப் பல்லால் கிழித்துக்கொண்டிருக்கிறது. கோவை எண் கொண்ட கார் ஒன்று நிற்கும். கண்ணாடி இறங்கும். பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை பிஸ்கட்டோடு நீளும். குரங்குக் காவலுக்கென்று சாலையில் நிற்கும் உள்ளூர்க்காரர் ஓடிவருவார்: "அண்ணே, குடுக்காதீங்க, வண்டிய எடுங்க." உள்ளிருந்து பதில் வரும்: "பாவம், பசிக்குதுல்ல?" இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த நேரம், எந்தக் குரங்கு, யார் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் வண்டி நின்றது. முன்பு தன் கண்ணில் படக்கூடாது என்று ஆய்வாளர் ஒதுக்கிய சுற்றுலாப் பயணி இப்போது ஆய்வுப் பொருள்.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். 2000களின் பிற்பகுதியிலிருந்து வனத்துறையோடு சேர்ந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் செய்த வேலை. குரங்குகள் அதில் போகின்றன, குட்டியைச் சுமந்தபடி. ஆனால் கீழே பிஸ்கட் இருக்கும்வரை கீழேயும் வரும், வண்டியில் அடிபடவும் செய்யும்.

எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் இதைச் சும்மா தள்ளிவிடமாட்டேன். அருகிவரும் உயிரினம் ஒன்று பெருகுவதைக் கண்டு முகம் சுளிப்பது விநோதம்தான். ஆனால் மாணவர்கள் தோண்டிப் பார்த்தது வேறு சங்கதி. சோலைமந்தியில் வளர்ந்த ஆண் வேறு கூட்டத்துக்குப் போக வேண்டும். இரத்தம் கலப்பது அப்படித்தான். புதுத்தோட்டத்தைச் சுற்றித் தேயிலையும் ஊரும். போக வழியில்லாத ஆண்கள் உள்ளுக்குள்ளேயே சுற்றுகின்றன. பெங்களூரு நியாஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு, இங்குள்ள கூட்டங்கள் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டதை 2020இல் பதிவு செய்தது. உட்காட்டுக் குரங்கு நாளில் பெரும்பகுதியைப் பழமும் பூச்சியும் தேடுவதில் செலவிடும். இங்கே ஒரு ரொட்டிப் பொட்டலத்தில் அந்தத் தேடல் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் என்ன செய்கிறது, குட்டி எதைக் கற்றுக்கொள்கிறது, மரத்தில் பழுத்த வெடிப்பலாவை அடையாளம் காண யார் சொல்லித்தருவார்கள் என்ற கேள்விகள் அங்கே தொடங்குகின்றன. 1975இல் இப்படியொரு கேள்வியை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

மலமும் பேச ஆரம்பித்திருக்கிறது. குரங்கு மனவழுத்தத்தில் இருக்கிறதா என்று அறிய முன்பானால் பிடித்து இரத்தம் எடுக்க வேண்டும்; பிடிப்பதே ஆகப் பெரிய அழுத்தம் என்பதால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. இப்போது விடிகாலையில் மரத்தடியில் காத்திருந்து, விழுந்த சூட்டோடு எடுத்துக் குப்பியிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் கலந்திருக்கும் ஹார்மோனை அளந்துவிடுகிறார்கள். துண்டுக்காடுகளை அளந்த அதே உமாபதி, பின்னாளில் ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். டி.என்.ஏ.வும் அதே மலத்திலிருந்து கிடைக்கிறது.

அனுமதி விவகாரத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதுகலை ஆய்வுக்குக் கிடைப்பதோ ஆறு மாதம். தாளுக்காகக் காத்திருப்பதிலேயே பருவம் ஒன்று போய்விடும் என்று மாணவர்கள் புலம்புகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் தலையசைத்தால் போதும். மனிதரும் விலங்கும் கலந்து வாழும் இடங்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகியதற்குப் புதிய சிந்தனை மட்டும்தான் காரணம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கோப்பு நகராததற்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் போகும்போதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் முழுதாகத் தெரிகிறது. கொழுந்துக்குப் போய்த் திரும்பும் பெண்களைக் காத்திருந்து பிடித்து, கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டும். குரங்கு மாதத்தில் எத்தனை தடவை வருகிறது? எதை எடுக்கிறது? எவ்வளவு நட்டம்? பதிலை வாயால் சொல்வதைவிடக் காட்டுவதையே அவர்கள் விரும்புகிறார்கள். ஓட்டைத் தள்ளிவிட்டு இறங்கிய இடம் இது. அதன்மேல் இப்போது தகரம். சன்னலுக்குக் கம்பிவலை. அரிசி டிரம்முக்கு மூடி, மூடிமேல் அம்மிக்கல். முட்டை, தக்காளி பீரோவுக்குள், துணிமணியோடு. தொட்டிலில் குழந்தை இருக்கும்போது கதவைத் திறந்துவைக்க முடியாது. அதனால் சமைக்கும்போது புகை அடைகிறது. ஒரு குரங்கால் மூச்சுத்திணறல் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கட்டம் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்தால்தான் தெரியும். "ஏம்மா, போன வருசமும் ஒரு பொண்ணு இதே கேள்வியத்தான் கேட்டுட்டுப் போச்சு" என்று ஓர் அக்கா சிரித்தபடி தேநீர் நீட்டியதை நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பில் குத்தல் இல்லாமல் இல்லை.

தோட்டமும் மாறிவிட்டது. பழைய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். தமிழில் தயாரித்த கேள்வித்தாளோடு போன மாணவி, லைனில் பாதி வீட்டில் இந்திக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. எந்தப் பாதையில் யானை வரும், எந்த நேரத்தில் தண்ணீர்க்குழாய்க்குப் போகக்கூடாது என்று மூன்று தலைமுறையாகச் சேர்ந்த அறிவு, புதிதாக வந்தவர்களிடம் இல்லை. ஆபத்து யாருக்குக் கூடுதல் என்று பார்க்க இதுவும் ஓர் ஆய்வுத்தலைப்பாகிறது.

யானை விஷயத்தில் வால்பாறை ஆராய்ச்சி ஒரு படி மேலேயே போயிற்று. அங்கே யானையால் இறந்தவர்களில் பலருக்கு, பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்று ம. ஆனந்தகுமாரும் கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்காகச் சேகரித்த விவரங்கள் காட்டின. அப்படியானால் யானையைத் தடுக்கும் அகழியைவிடத் தகவல் முக்கியம். மாலையில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் யானை நிற்கும் இடம் ஓடியது, பிறகு குறுஞ்செய்தி, பிறகு ஊர்க்காரர்களே செல்போனால் எரியவிடும் சிவப்பு விளக்கு. ஆனந்தகுமாருக்கு 2015இல் வனஉயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

ஆய்வாளர் யார் என்பதிலும் மாற்றம் இருக்கிறது. முன்பு பெண்ணைத் தனியே காட்டு முகாமுக்கு அனுப்ப வீடும் தயங்கும், வழிகாட்டியும் தயங்குவார். இப்போது வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள் இருப்பது சாதாரணம். 1990களில் களக்காட்டு மலையில் இரவில் உலவும் மரநாயைத் தேடி அலைந்து, 2001இல் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற திவ்யா முத்தப்பா, அதன்பின் வால்பாறைக்கு வந்து, சீரழிந்த சோலைத் துண்டுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட ஆரம்பித்தார். ஆய்வேடு முடித்ததும் ஊரைவிட்டுப் போகிறவர்களே வழக்கமாக இருந்த துறையில், இப்படித் தங்கியவர்களால்தான் புதிதாக வருபவருக்கு ஒதுங்க ஒரு கூரையும் கேட்க ஒரு ஆளும் கிடைக்கிறது.

மெதுவாக மாறுவது இன்னொன்று. வரகளியாற்றில் குரங்கைக் கண்டுபிடித்துக் காட்டியவர்களும், 1990களின் தொடக்கத்தில் அர்கன்சாஸ் பல்கலைக்கழக மாணவராக வந்த ரகுபதி கண்ணனுக்கு இருவாச்சிப் பொந்துகளைக் காட்டியவர்களும் அந்த மலைகளின் பழங்குடிகள்தான். பின்னவர் விஷயத்தில் காடர்கள். எந்த மரம் எப்போது பழுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் எழுதியவருக்குப் பட்டம் வந்தது. அவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரியும் தினக்கூலியும். கேரளத்து வாழச்சாலில் இப்போது காடர்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துப் பதிவு செய்கிறார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் கள உதவியாளர் பெயர் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெறுவதையும் அங்கங்கே பார்க்க முடிகிறது. அதற்குமேல் போகவில்லை. தமிழில் எழுதும் ஆய்வாளர்கள் சிலர் இருந்தும், வால்பாறையைப் பற்றி வந்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றை வால்பாறைக்காரர் படிக்க முடியாது.

இதற்கெல்லாம் கீழே ஒரு கணக்கு உதைக்கிறது. முதுகலை மாணவருக்குக் களத்தில் ஆறு மாதம், முனைவர் பட்டத்துக்கு இரண்டு மூன்று ஆண்டு. சோலைமந்திக்கோ முதல் குட்டிக்கே ஆறு ஆண்டு. புதுத்தோட்டத்தின் முப்பதாண்டு வரலாறு என்று நாம் பேசுவது, வெவ்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் வெவ்வேறு கேள்விக்காக எடுத்த துண்டுக் கணக்குகளை ஒட்டிப் பார்த்ததுதான். நடுவில் இடைவெளிகள் உண்டு. எந்தக் கூட்டம் எந்த ஆண்டு எதிலிருந்து பிரிந்தது, காதில் வெட்டுள்ள பெண் எந்தப் பெண்ணின் மகள் என்று கேட்டால், சாலையில் நிற்கும் அந்தக் காவலர்களிடம்தான் மாணவர்கள் போய் நிற்கிறார்கள். ஜூன் மாதம் மழை இறங்கியதும் இந்த ஆண்டு மாணவி தன் கோப்புகளை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். டிசம்பரில் அடுத்தவர் வருவார். ஒவ்வொரு குரங்கையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதை அவருக்கும் காவலர்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.